வசைச்சொல்லுக்கு வளைகுடாவில் என்ன விலை?

2024இல் ரியாத்தில் நடந்த மின் விளையாட்டு உலகக் கிண்ணத்தின் பரிசுத்தொகை 6 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. இணையவழி அணி விளையாட்டுகளை வளைகுடா அரசுகள் இவ்வாறு வளர்க்கையில், அவற்றினுள் வசையும் வளர்கிறது. முகம் மறைந்திருப்பதும், ஒருவரின் தவறு அணியினர் அனைவரின் தரநிலையையும் குறைப்பதும் இதன் காரணங்கள். தோல்வியுற்றவர் எதிரியை விட்டுத் தோழனையே இனம் சொல்லி ஏசுகின்றனர்.

விளையாட்டு நிறுவனம் இதற்காகக் கணக்கை முடக்கும், அவ்வளவே. ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டம் அவ்வாறன்று. 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையிலுள்ள, 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இணையவழி பிறரை அவமதிப்போருக்குச் சிறையும் 250,000 முதல் 500,000 திர்ஹம் வரை அபராதமும், அல்லது இவற்றில் ஒன்றும் விதிக்கிறது. விளையாட்டென்று அது விலக்களிக்கவில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பிள்ளைகள் துபாயிலுள்ள மைத்துனனோடு ஒரே அணியில் ஆடும் காலமிது. இங்கிருந்து ஏசுபவன் ஒரு கணக்கை இழப்பான்; அங்கிருந்து திருப்பி ஏசுபவன் வேலையையும் விசாவையும் இழக்கக்கூடும். ஊரில் அவன் அனுப்பும் பணத்தை நம்பியிருப்போர் எத்தனை பேர்! சிறுவனின் சினத்திற்குச் சிறை மிகையான தண்டனையே. எனினும் சட்டம் மாறும்வரை, நாவைக் காக்கும்படி பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோரின் கடன்.