லாரி ஒப்பந்தத்தில் கையெழுத்து: வரியை விடப் பெரிய சிக்கல் எது?

நாமக்கல் மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கடலை பிடுங்கிய பிறகு அடுத்த ஆடிப் பட்டம் வரை காட்டில் வேலை இல்லை. அந்த மாதங்களில் லாரி ஓட்டுகிறார். இதுவரை டிரிப் கணக்கில் பணமும் பேட்டாவும் கொடுத்துவந்த முதலாளி, இந்த வருஷம் முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். அந்தத் தாளில் வாசகர் ‘டிரைவர்’ இல்லை, ‘ஒப்பந்தக்காரர்’. கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வரி பிடிப்பார்களாம். வெள்ளாமை வருமானத்துக்கும் வரி வந்துவிடுமா, பி.எம். கிசான் பணம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

வரி விஷயத்தில் அவர் பயப்படத் தேவையில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. புதிய வரிமுறையில், வண்டி ஓட்டிக் கிடைக்கும் வருமானம் வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வெள்ளாமைக் கணக்கை அதோடு சேர்க்க மாட்டார்கள். தாண்டினாலும், வரியைக் கணக்கிடுவதற்காக மட்டும் சேர்ப்பார்கள்.

ஒப்பந்தக்காரருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருஷத்தில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் 1 சதவீதம் பிடிப்பது வழக்கமான நடைமுறை. பான் எண் கொடுக்காவிட்டால் இதுவே 20 சதவீதம் ஆகிவிடும். வரி வரம்புக்குள் இருப்பவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், பிடித்த பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். பி.எம். கிசான் மறுக்கப்படுவது முந்தைய கணக்கீட்டு ஆண்டில் வரி கட்டியவர்களுக்கு. கணக்குத் தாக்கல் செய்த காரணத்துக்காக மட்டும் தகுதி போகாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த முத்திரைத்தாளைத்தான். ‘விபத்து, அபராதம், சரக்குச் சேதம் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு’ என்று ஒரு வரி அதில் இருந்தால், ஆபத்து மூன்று பக்கமிருந்து வரும்.

ஒன்று, லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை வண்டி முதலாளியிடம் கேட்கும். முதலாளி இந்தத் தாளைக் காட்டி ஓட்டியவர் மீது வழக்குப் போடலாம். அப்போது ஆபத்து அந்த இரண்டு ஏக்கருக்கு வரும்.

இரண்டு, அதிக பாரம். மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. ஏற்றச் சொன்னவரும் சட்டப்படி பொறுப்புதான். ஆனால் ரோட்டில் நிறுத்திக் கேட்கும்போது ஸ்டீயரிங்கில் இருப்பவர் டிரைவர். பர்மிட் இல்லாத மணல், ஜல்லி லோடு என்றால் அபராதத்தோடு போகாது. கிரிமினல் வழக்கே வரும்.

மூன்று, டிரைவரே அடிபட்டால் என்ன ஆகும் என்பது. வேலைக்காரர் என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். லாரிக் காப்பீட்டிலும் சம்பள டிரைவருக்கு இடம் உண்டு. ‘இழப்பீடு கேட்க மாட்டேன்’ என்று தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது. ஆனால் ‘ஒப்பந்தக்காரர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்று வாதாட இடம் கிடைக்கும். யார் வண்டி, யார் டீசல், யார் சொன்ன லோடு என்பதை வைத்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். அதுவரை அலைய வேண்டியது குடும்பம்.

ஆகவே, கையெழுத்துக்கு முன் வண்டியின் ஆர்.சி., எஃப்.சி., காப்பீட்டு நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். காப்பீட்டில் சம்பள டிரைவருக்கான பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பொறுப்பு வரியை அடித்துவிட்டு, ‘டிரைவர் வேலை, டிரிப்புக்கு இவ்வளவு’ என்று எழுதச் சொல்வதில் தவறில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கி, டிரிப் ஷீட்டின் நகலை வீட்டில் வைத்திருந்தால் நாளைக்கு அதுவே சாட்சி.

தாளைப் படித்துப் புரியாவிட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.