சொல் சரி, சுமை பிழை!



"தமிழில் அறிவியல் படித்தால், நாளை டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று வரும்போது பிள்ளை என்ன செய்யும்?" அறிவியலும் கணிதமும் 2003-இல் ஆங்கிலத்துக்கு மாறியபோது கேட்ட கேள்வி இது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் ஈப்போ வட்டாரத்தில் இதே கேள்வி எழுந்தது. அந்த ஆர்.என்.ஏ.வைக் கொண்டே விடை கூறுகிறேன்.

சுங்கை சிப்புட் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால்மரத்தின் பாலிலும் புரதம் உண்டு. நம் உடலிலும் உண்டு. இரண்டும் உருவாகும் அடிப்படை முறை ஒன்றே. தூது ஆர்.என்.ஏ., மூவெழுத்துச் சொற்களால் ஆன கட்டளையைக் கொண்டு வருகிறது. அமினோ அமிலங்களுக்கு அச்சொற்களைப் படிக்கத் தெரியாது. ஆகவே, கடத்து ஆர்.என்.ஏ. இடையில் நிற்கிறது. அதன் ஒரு முனை சொல்லைப் படிக்கிறது. மறுமுனை உரிய அமினோ அமிலத்தைச் சுமக்கிறது. சுமந்து வந்தவற்றை ரைபோசோம் வரிசையாகக் கோக்கிறது. இதில் எந்த வரி தமிழில் விளங்கவில்லை?

1962-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். கடத்து ஆர்.என்.ஏ. சுமந்திருந்த சிஸ்டீனை அறிவியலார் அலனினாக மாற்றினர். ரைபோசோம் சுமையைச் சோதிக்கவில்லை. சொல் பொருந்தியது, சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் அலனின் ஏறிவிட்டது!

புரியாத மொழியில் மனனம் செய்யும் பிள்ளையின் நிலையும் இதுவே. விடைத்தாளில் சொல் சரியாக இருக்கும். அது சுமக்கும் பொருள் பிழையாக இருக்கும். தேர்வு அதைக் கண்டுகொள்ளாது. உயிரணுவில் சரியான சுமையை ஏற்றுவதற்கெனத் தனி நொதிகள் உள்ளன. வகுப்பறையில் அப்பொறுப்பு ஆசிரியருடையது. பிள்ளைக்குத் தெரிந்த மொழியே அவருக்குக் கருவி.

தமிழ்நாட்டு மேல்நிலை மாணவர் இப்பாடத்தைத் தமிழில் படிக்கின்றனர். இலங்கை மாணவர் உயர்தர உயிரியல் தேர்வைத் தமிழில் எழுதி மருத்துவம் பயிலச் செல்கின்றனர். குறை தமிழில் இல்லை. நம் நம்பிக்கையில் உள்ளது.

ஆங்கிலம் வேண்டாம் என்பது என் வாதமன்று. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடவேளையில் செம்மையாகக் கற்பிப்போம். மேலும், இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் பயிலப்போகும் பிள்ளைகளும் நம்மிடையே பலர். பொருள் ஊன்றிய மனத்துக்கு, அதன் புதுப்பெயரைக் கற்பது எளிது.

பெற்றோரே! இருமொழித் திட்டத்திற்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "இன்று படித்த அறிவியலை உன் சொந்தச் சொல்லில் சொல்." எம்மொழியில் அவன் தடையின்றி விளக்குகிறானோ, அம்மொழியில்தான் அவனுக்கு அறிவியல் விளங்கியிருக்கிறது. அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.