தரை முந்தியா, அலமாரி முந்தியா?

கான்ட்ராக்டர் இல்லாமல் நாமே சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கலருக்குச் சண்டை போடுவார்கள், கிரானைட்டுக்குச் சண்டை போடுவார்கள். எதை முதலில் செய்வது என்பதை மட்டும் யார் முதலில் வேலைக்கு வருகிறாரோ அவரிடம் விட்டுவிடுவார்கள். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே என்று பி.காமில் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். அது குடோனுக்குச் சரி. சமையலறைக்கு ஆகாது!

கார்பென்டரைக் கேட்டால், "தரையை அப்புறம் போட்டுக்கலாம் சார். சுத்தியல் கீழே விழுந்தா டைல்ஸ் போயிடும்" என்பார். டைல்ஸ்காரரோ, "பெட்டி முதல்ல வரட்டும் சார். அதுக்கு அடியில ஒட்ட வேணாம், உங்களுக்கு மிச்சம்" என்பார். எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒத்துப்போகிறார்கள் என்றால் நாம் உஷாராக வேண்டாமா?

மிச்சம் எவ்வளவு, பார்த்துவிடலாம். எட்டுக்குப் பத்து சமையலறை. இரண்டு சுவரோரமாக 16 அடி நீளத்துக்கு, 2 அடி அகலப் பெட்டிகள். ஆக 32 சதுர அடி. டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால் 1,920 ரூபாய், கூலி தனி. இது வரவு.

செலவுப் பக்கம்? பழைய மொசைக்கின் மேலேயே பசை போட்டு டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலமாவது உயரும். சிமென்ட் கலவை போட்டால் ஒன்றரை, இரண்டு அங்குலம். பழைய தரையிலிருந்து 34 அங்குலத்தில் நிறுத்திய மேடை 32 ஆகிவிடும். ஆயுசுக்கும் குனிந்து தோசை வார்க்கப் போவது டைல்ஸ்காரரா? இடுப்பு வலி என்று அம்மா தைலம் தேடுகிற நாளில் அந்த 1,920 ரூபாயை யாராவது நினைப்பார்களா?

மேடைக்கு அடியில் பொருத்துகிற பாத்திரம் கழுவும் மெஷினுக்குச் சுமார் 82 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதைப் பழைய தரையில் வைத்துவிட்டு, மூக்குவரை டைல்ஸ் ஒட்டினால் மெஷின் பள்ளத்தில், மேடை அதன் தலைமேல். ரிப்பேருக்கு வெளியே இழுக்க முடியாது. தவிர, நாம் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற ஜாதி. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும். பெட்டிக்கு அடியில் தேங்கினால் கரப்பான்பூச்சிக்கு மட்டுமே தெரியும்.

அதனால் சுவரை உடைக்கிற வயரிங், குழாய் வேலை முதலில். அப்புறம் சுவரிலிருந்து சுவர்வரை தரை. அது இறுகிய பிறகு பெட்டி. கார்பென்டரின் பயம் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. தரை முழுக்க பாலிதீன் ஷீட் விரித்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிவிட்டால் அடி தாங்கும். ஷீட்டை மிச்சம் பிடித்தீர்களோ, மாவு இடுக்குகளில் இறங்கி உயிரை வாங்கும்.

பெட்டிக்கு நாலு அங்குல பிளாஸ்டிக் கால் உண்டு, திருகினால் ஏறும் இறங்கும். ரசமட்டம் வைத்துத் தரையில் எந்த மூலை மேடு என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பியுங்கள். பள்ளத்தில் ஆரம்பித்தால் மேட்டுக்கு வரும்போது திருகு தீர்ந்து போகும்.

ஒரே விதிவிலக்கு, ஒட்டாமல் ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற பலகைத் தரை. அது சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும்; தலையில் கிரானைட்டை ஏற்றினால் நகர முடியாமல் புடைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் பெட்டி முதலில், காலுக்கு அடியில் பலகை கனத்துக்குத் துண்டு கொடுத்து.

கடைசியில் கால்களை மறைக்கிற அடிப்பட்டை. கிளிப்பில்தான் நிற்கும், இழுத்தால் கையோடு வரும். மாதம் ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்த ஸ்பூன் அங்கே படுத்திருக்கும்.