மூடும் முன் ஒரு வாய்ப்பு!

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் சட்டப்பேரவையில் கேள்வி எழுகிறது. தொழிற்சங்கங்கள் கொடி பிடிக்கின்றன. ஆனால், அரை நூற்றாண்டுக் காலம் ஒரு வட்டாரத்தின் பசி தீர்த்த உணவகம் மூடப்பட்டால், கதவில் ஓர் அறிவிப்பு அட்டை தொங்குவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் சில நாள்கள் வருந்திவிட்டு அடுத்த கடையைத் தேடிப் போகிறார்கள். அங்கு இலை போட்டவர்களும், கல்லில் தோசை வார்த்தவர்களும் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவும் மக்களுக்கானதுதான், அதில் குறை காண இயலாது. ஆனால், ஒரு காபியுடன் மணிக்கணக்கில் அமர்ந்து பேசிய எழுத்தாளர்களுக்கும், திரைத்துறையில் வாய்ப்புத் தேடிய இளைஞர்களுக்கும், மருந்து நிறுவனப் பிரதிநிதிகளுக்கும் மாற்று இடம் எது என்று எவரும் சிந்திக்கவில்லை. 2009-இல் பெங்களூர் எம்.ஜி. சாலையில் இருந்த காபி ஹவுஸ், கட்டடத்தைக் காலி செய்துவிட்டு சர்ச் தெருவுக்கு இடம்பெயர நேர்ந்தது. வி.கே. கிருஷ்ண மேனனின் பெயரோடு இணைத்துப் பேசப்பட்ட லண்டன் 'இந்தியா கிளப்'பும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது.

இவையெல்லாம் தவிர்க்க இயலாதவை என்று நினைப்பவர்கள் 1957-ஐ நினைவுகூர வேண்டும்.

காபி அருந்தும் பழக்கத்தைப் பரப்புவதற்காக ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கப்பட்டவை 'இந்தியா காபி ஹவுஸ்'கள். முதல் கிளை 1936-இல் மும்பை சர்ச்கேட்டில் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1950-களின் நடுவில், இவற்றை இனி நடத்துவதில்லை என்று காபி வாரியம் முடிவெடுத்தது. வேலையிழந்து நின்ற தொழிலாளர்களுக்கு, கேரளத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஏ.கே. கோபாலன் ஒரு வழி சொன்னார். நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு கலைந்து செல்லாமல், கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதே அந்த வழி.

1957 ஆகஸ்ட் 19-இல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27-இல் தலைநகர் தில்லியில் தொழிலாளர்களே நடத்தும் முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சூரில் கேரளத்தின் முதல் கிளை உதயமானது. இன்று அந்த மாநிலத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இல்லாத பெருநகரம் இல்லை. விசிறித் தலைப்பாகை அணிந்து மேசைக்கு வந்து பரிமாறுபவர் அங்கே வெறும் ஊழியர் அல்லர். சங்கத்தின் உறுப்பினர், அதாவது உரிமையாளர்களில் ஒருவர். மூடப்பட வேண்டியவை என்று அரசு வாரியம் கைகழுவிய கடைகள்தாம் இவை!

உணவகம் என்பது உணவு விற்கும் இடம் மட்டுமன்று. மட்டாஞ்சேரி மண்டிகளில் சுமை தூக்குபவரும், களமசேரி ஆலைகளில் வேலை முடிந்து வருபவரும், வழக்குரைஞரும், மாணவரும் ஒரே விலை கொடுத்து ஒரே மேசையில் அமரும் இடம் வேறு ஏது? இதன் அருமையை ஆட்சியாளர்களும் அறிவார்கள். அவசரநிலைக் காலத்தில், தில்லி கன்னாட் பிளேஸில் அரசியல் விவாதங்களுக்குப் பெயர்பெற்றிருந்த காபி ஹவுஸ் இடிக்கப்பட்டது. அங்கு எழுந்த பாலிகா பஜாரில் வாங்கலாம், விற்கலாம். உட்கார்ந்து பேசத்தான் இடமில்லை. காபி ஹவுஸ் மோகன் சிங் பிளேஸின் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கட்டடம் தனிநபருடைய சொத்து, வியாபாரம் அவரது விருப்பம், நஷ்டத்தில் நடத்தச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்வி நியாயமானதே. கூட்டுறவு காபி ஹவுஸ்கள் எல்லாமே செழிப்பாக இருக்கின்றன என்றும் சொல்வதற்கில்லை. வாடகைச் சுமையும், மாறிவரும் ரசனையும், வீட்டுக்கே உணவு கொண்டுவரும் செயலிகளும் அவற்றையும் வாட்டுகின்றன. எந்தக் கடையையும் சட்டம் போட்டுக் காப்பாற்றிவிட முடியாது. ஆனால், காப்பாற்ற விரும்புவோருக்கு அவகாசம் தர முடியும்.

அந்த அவகாசம்தான் இன்று இல்லை. ஐம்பது பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனத்தை மூடுவதற்கு, அரசுக்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தரவேண்டிய கட்டாயம்கூட நம் தொழிலாளர் சட்டத்தில் கிடையாது. பெரும்பாலான பழைய உணவகங்கள் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. கடை தரும் அறையிலேயே தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளி, வேலையையும் இருப்பிடத்தையும் ஒரே நாளில் இழக்கிறார்.

இங்கிலாந்தில் 2011-இல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. மக்கள் கூடும் மதுக்கூடத்தையோ கடையையோ 'சமூகத்தின் சொத்து' என்று உள்ளாட்சி அமைப்பின் பட்டியலில் சேர்க்கலாம். அதை உரிமையாளர் விற்க முனைந்தால், வாங்குவதற்குப் பணம் திரட்ட உள்ளூர் மக்களுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொத்துரிமையும் பறிபோகவில்லை, மக்களுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

நம் மாநில அரசுகள் இதையே பின்பற்றலாம். நெடுங்காலம் இயங்கிவரும் உணவகம் மூடப்படும் முன் ஆறு மாத அறிவிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். அதை எடுத்து நடத்த முன்வரும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதல் வாய்ப்பும், கூட்டுறவு வங்கியின் கடனும் கிடைக்கச் செய்ய வேண்டும். பழைய இடம் கிடைக்காதபோது, மாநகராட்சி வணிக வளாகங்களில் நியாயமான வாடகைக்கு இடம் ஒதுக்க வேண்டும். இதனால் கருவூலம் காலியாகிவிடாது.

1957-இல் அந்தத் தொழிலாளர்களிடம் முதலீடு இல்லை; தொழில் தெரிந்திருந்தது, வழிகாட்ட ஒரு தலைவர் இருந்தார். இன்றும் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடையின் கதவு மூடப்படும்போது அவர்கள் பக்கம் நிற்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி!