வீட்டுக்குப் போகும் கடிதம்

2019 பெப்ரவரியில் மோர்மன் திருச்சபை தனது இளம் ஊழியர்களுக்கான விதியொன்றைத் தளர்த்தியது. வீட்டைவிட்டு ஊழியத்துக்குப் போகும் அவர்கள் அதுவரை வாரமொருமுறை மின்னஞ்சல் எழுதலாம். பெற்றோரின் குரலைத் தொலைபேசியில் கேட்பதோ நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மாத்திரந்தான். இனி வாரந்தோறும் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்றது புதிய விதி. இளைஞர்களின் ஊழியக்காலம் இரண்டு வருடங்கள். அவ்வளவு காலத்துக்கும் நான்கே அழைப்புகள் என்றால் தாய்மாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இத்தகைய தளர்வுகளைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. வீட்டோடு ஓயாது பேசிக்கொண்டிருப்பவன் போன இடத்தில் கால் ஊன்றமாட்டான் என்பது அவர்களது வாதம். இதில் பாதி உண்மை. ஊர்க் கோயில் திருவிழாவைக் கனடாவில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்க்கும் நம்மவர் பலருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. உடல் ஓரிடம், உள்ளம் ஓரிடம் என்ற வாழ்வு மிஷனரிமாருக்கு மாத்திரம் உரியதன்று. ஆனால் மறுபாதியை ஏற்பதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தின் கதையைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

1815 ஒக்டோபரில் நியூபெரிபோர்ட் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அமெரிக்க மிஷனரிமார் கொழும்பை அடைந்தது 1816 மார்ச்சில். ஐந்து மாதக் கடற்பயணம். கடிதமும் அதே கடலில் அதே வேகத்திலேயே வரவேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு வருடம் சென்றாலும் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருவதை ஆங்கில ஆட்சி தடுத்து வைத்திருந்தது. ஆகவே ஊர்ச் செய்தியை வாயால் சொல்ல ஒரு புதுமுகமும் வரவில்லை.

1824இல் உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அக்காலத்தவர். மிஷனரிக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். அனுப்பிய பிள்ளையை மீண்டும் காண்போம் என்ற நிச்சயம் எவருக்கும் இருக்கவில்லை. ஹரியற்றின் மகன் சார்ள்ஸ் அவ்வாறு அனுப்பப்பட்டு 1832இல் நியூயோர்க்கில் இறந்தான். வயது பதினொன்று. 1833 ஜனவரியில் தாயும் உடுவிலில் மறைந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு கணவர் மைரன் வின்ஸ்லோ 1835இல் ஒரு நூல் வெளியிட்டார். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் அகராதியால் நாமறிந்த அதே வின்ஸ்லோதான். நோயுற்று ஊர் திரும்பும் வழியில், 1864இல் நன்னம்பிக்கை முனையில் அவர் காலமானார். (அவர்களின் மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். அம்மகளின் பேரன்தான் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்டர் டலஸ்.)

கால் ஊன்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். ஊழியத்தைத் தெரிந்தெடுத்தவர் தாமே பிரிவைச் சுமப்பது ஒன்று. அதைத் தெரிந்தெடுக்காத பதினொரு வயதுச் சிறுவன் சுமப்பது வேறு. 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ, 1883இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஆயினும் அவர் நெருங்கிய உறவினர் மறைந்த பின்னரே புறப்பட்டவர், மணம் செய்யாதவர். அவரது உறுதியை வியக்கலாம். எல்லோருக்கும் அளவுகோலாக்குவது நியாயமன்று. வாரமொரு அழைப்பு யாருடைய ஊழியத்தையும் கெடுத்துவிடாது என்பதே என் எண்ணம்.

என்னை உறுத்துவது வேறொன்று. வீட்டுக்குப் போன அக்கடிதங்களில் யாரைப் பற்றி என்ன எழுதப்பட்டது? மிஷனரிமாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பொஸ்டனிலிருந்து வெளிவந்த ‘மிஷனரி ஹெரல்ட்’ சஞ்சிகையில் அச்சாகின. அவற்றை வாசித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர் விரும்பும் பெயரை இங்குள்ள விடுதிப் பாடசாலைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளையைக் ‘கறோல்’ விசுவநாதபிள்ளை என்று தமிழுலகம் அறிந்தது இந்த வழியில் வந்த பெயரால்தான். அமெரிக்காவோடு இருந்த உறவு இங்கே ஒரு பிள்ளையின் பெயர்வரை வந்து தொட்டது. அந்தப் பணத்தால் எழுந்த கல்வியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பலனை அனுபவித்த சமூகம் நாம். ஆனால் அக்கடிதங்களில் நமது முன்னோர் பெரும்பாலும் ‘அஞ்ஞானிகள்’. அவர்களின் இருள் எவ்வளவு கரியதாக இருந்ததோ அவ்வளவுக்குக் கொடையாளிகளின் மனம் இளகியது. எழுதப்பட்டவர்கள் அதனை வாசிக்கப்போவதில்லை என்ற துணிவும் எழுதியவர்களுக்கு இருந்திருக்கும்.

இன்று அந்தத் துணிவுக்கு இடமில்லை. ஆபிரிக்கக் கிராமமொன்றிலிருந்து ஓர் ஊழியர் தன் நண்பர்களுக்காக முகநூலில் இடும் படத்தை, படத்திலுள்ள பெண்ணின் மகனே அடுத்த நிமிடம் பார்க்கக்கூடும். பசித்த முகம், கிழிந்த சட்டை, கீழே ஒரு ஜெப விண்ணப்பம். நம் தாய்மாரும் அகதி முகாம்களில் இவ்வாறு படம் பிடிக்கப்பட்டவர்கள்தாம். அந்தப் படங்கள் எங்கெல்லாம் போயின என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊழியர் தம் தாயோடு எத்தனை மணிநேரம் பேசுகிறார் என்று சட்டம் போடும் சபைகள், அவர் ஊருக்கு அனுப்பும் படத்திற்குப் படத்திலிருப்பவரின் சம்மதம் உண்டா என்று முதலில் கேட்கட்டும். எழுதியதை அந்த ஊராருக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட முடியுமா என்றும் கேட்கட்டும்.

மற்றத் திசையிலும் கடிதம் போகலாம். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் சமுவேல் கிறீன், உடல்நலங் குன்றி 1873இல் ஊர் திரும்பினார். மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரிலிருந்தபடியே யாழ்ப்பாணத்திலுள்ள தம் மாணவர்களோடு கடிதத் தொடர்பு வைத்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் வேலையையும் தொடர்ந்தார். இப்போது அவருக்கு உறவினர் பக்கத்தில். நண்பர்கள் கடலுக்கு அப்பால். 1884இல் அவர் இறந்தபோது, தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று அவரது கல்லறையில் பொறித்தார்கள்.