கூடையும் அட்டையும்

பலெர்மோவின் பழைய வீதிகளில் குடியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. காலை ஒன்பது, பத்து மணியளவில் ‘லாபா’ என்று ஊரார் அழைக்கும் மூன்று சில்லு வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். பின்புறத்தில் தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம் குவிந்திருக்கும். வியாபாரியின் குரல் நாலு மாடிக்கும் கேட்கும். மூன்றாம் மாடியில் ஒரு சிஞோரா பலகணிக்கு வந்து, கயிற்றில் கட்டிய கூடையை மெல்ல இறக்குவார். கூடைக்குள் இரண்டு யூரோ நாணயம் ஒன்று கிடக்கும். தக்காளி மேலே போகும். மீதிச் சில்லறையும் அதே கூடையில் போகும்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ‘சூன் பாண்’ ஓட்டோவைக் கண்டவர்களுக்கு இது புதுமையாய் இராது. அங்கே பேதோவன் என்ற ஜேர்மன் மேதை இயற்றிய பியானோ இசைத்துண்டு ஒன்று பாண் வந்துவிட்டதென அறிவிக்கிறது. இங்கே ‘ஸ்ஃபின்ச்சோனே’ விற்பவரின் வண்டியில் ஒலிப்பதிவு செய்த குரல் ஒன்று, “எண்ணெய் குறைவு, புழுதி நிறைவு” என்று தன் பண்டத்தைத் தானே பழித்துக் கூவுகிறது. தன் சரக்கைப் பழித்து விற்கும் வியாபாரியைப் பலெர்மோவில்தான் காணலாம் போலும். (அப்பண்டத்தில் நெத்தலி சேர்வது வழக்கம். விரதகாரர்கள் கேட்டு வாங்குவது நலம். கடலைமாவில் பொரித்த ‘பனெல்லே’ என்றால் அந்த ஐயம் வேண்டியதில்லை.)

இந்தக் கூடைக்குள் இப்போது ‘போஸ்’ என்னும் சிறு கருவி ஏறத் தொடங்கியிருக்கிறது. வியாபாரி தொகையை அழுத்திக் கருவியைக் கூடையில் வைப்பார். மேலே இருப்பவர் இழுத்தெடுத்து, வங்கி அட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்ப இறக்குவார். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், நம்மவர் பலருடைய பிழைப்போடு இது நெருங்கிய தொடர்புடையது. பலெர்மோவில் வாழும் நம் மக்களிற் பெரும்பாலானோர் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்பவர்கள். மேலே நின்று கூடையை இழுப்பவர் அநேகமாக நம்முடைய ஒரு சகோதரி. கையில் இருப்பது சிஞோராவின் அட்டை.

அத்தகைய ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் விடயம் விளங்கும். சிஞோராவுக்கு வயது எண்பத்தெட்டு. கண் மங்கல், கால் நடை இல்லை. நாணயங்களைத் தடவி எண்ணி எண்ணிக் களைத்துப்போய், ஒருநாள் தன் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் நம் சகோதரியிடம் கொடுத்து, “நீயே பார்த்துக்கொள்” என்றார். அம்மாவும் நம்பிக்கைக்குப் பங்கமின்றி நாள்தோறும் மரக்கறி, பாண், பழம் வாங்கினார். மூன்று மாதத்தின் பின் வட இத்தாலியிலிருந்து மகன் வந்தார். வங்கிக் கணக்கை விரித்துப் பார்த்தால் அறுபத்தொரு சிறு தொகைகள். மொத்தம் 236 யூரோவும் சொச்சமும். ஒவ்வொன்றுக்கும் எதிரே முன்பின் அறியாத ஒரு பெயர். வண்டிக்காரரைத் தெருவில் எல்லோரும் பட்டப்பெயரால் அழைப்பார்கள். வங்கித் தாளிலோ அவருடைய பதிவுப் பெயர்தான் வரும். வாங்கியது தக்காளியா, தங்கமா என்று அந்தத் தாள் சொல்லாது.

மகன் கேட்ட கேள்வி கடுமையானதல்ல. ஆனால் கேள்வி கேள்விதான். அம்மாவிடம் பற்றுச்சீட்டு ஒன்றுகூட இல்லை. ஒரு சிறு கொப்பி மட்டும் இருந்தது. ஊரில் தாயார் பால்காரனுக்குக் கணக்கு எழுதிய பழக்கத்தில், இவரும் திகதி போட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தார். மகனுக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அன்று மாலை அம்மாவின் மகள், இங்கே லிச்சேயோவில் படிக்கும் பிள்ளை, வந்து மேசையில் அமர்ந்து தமிழ்க் கொப்பியை வரிவரியாக இத்தாலியனில் வாசித்தாள். மகன் வங்கித் தாளில் ஒவ்வொன்றாகக் கோடிட்டுக்கொண்டு வந்தார். ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தவில்லை. கொப்பியில் கத்தரிக்காயும் வெங்காயமும் 2.50, தாளில் 25.00. வியாபாரி விரல் தவறி அழுத்தியிருக்கிறார். ஐம்பது யூரோவுக்கு உட்பட்ட தொகைக்கு இரகசிய இலக்கம் கேட்காதபடியால் அம்மாவும் பார்க்காமலே அட்டையைத் தொட்டுவிட்டார். மறுநாள் வண்டி வந்ததும் வியாபாரி தன் கருவியைத் தட்டிப் பார்த்து, தலையிலடித்துக்கொண்டு 22.50 யூரோவைக் கையில் கொடுத்தார்.

கொப்பி இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தாலியத் தண்டனைச் சட்டத்தில், அட்டைக்கு உரியவர் அல்லாத ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆதாயம் கருதி அதைப் பயன்படுத்தினால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும், 310 முதல் 1,550 யூரோ வரை அபராதமும் உண்டு. சிஞோராவின் சொற்படி சிஞோராவுக்கே மரக்கறி வாங்குவது ஆதாயம் கருதியதல்ல என்பது நியாயம். ஆனால் சிஞோரா ஞாபகமறதி நோய்க்கு ஆளானபின், அல்லது கண்மூடியபின், “அவர்தான் சொன்னார்” என்பதற்கு யார் சாட்சி? அந்த நோயின் தொடக்கத்திலேயே முதியவர் பணக் கணக்கில் தடுமாறுவதுண்டு என்பதை வைத்தியர்கள் நன்கு அறிவர். காலையில் தானே கொடுத்த அட்டையை மாலையில் “யாரோ எடுத்துவிட்டார்கள்” என்று சொல்லும் முதியவர் பொய் சொல்லவில்லை; நோய் சொல்லுகிறது. பக்கத்தில் நிற்பவர்தான் அகப்படுபவர்.

ஆகவே பிறர் அட்டையைக் கையில் வாங்காதிருப்பதே உத்தமம். வீட்டார் வாராவாரம் முப்பதோ நாற்பதோ யூரோவைப் பராமரிப்பவரின் சொந்த அட்டைக்கு அனுப்பலாம். அனுப்பும்போது ‘வீட்டுச் செலவு’ என்று காரணம் எழுதவேண்டும், சம்பளத்தோடு கலக்கக்கூடாது. மேற்சொன்ன மகன் அன்றிரவே இந்த ஏற்பாட்டைச் செய்தார். வங்கியில் முறைப்படி அதிகாரம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் கணக்குக்கு உரியவர் இறந்த கணமே அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. செத்தவீட்டுக்கு வருபவர்களுக்குக் கோப்பி வாங்கவென்றாலும் அன்று அந்த அட்டையைத் தொடலாகாது.

சொந்த அட்டை இல்லை என்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும், அகதி விண்ணப்பம் செய்தவர்களுக்குங்கூட, அடிப்படை வங்கிக் கணக்கு ஒன்று பெறும் உரிமை உண்டு. இத்தாலி 2017-இல் இதைத் தன் சட்டமாக்கியது. ‘இசே’ பத்திரத்தில் 11,600 யூரோவுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு ஆண்டுக் கட்டணமும் முத்திரை வரியும் இல்லை. ‘கொன்தோ தி பாசே’ என்று பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். கேளாதவருக்கு வங்கி தானாக எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்கலாகாது.

வியாபாரியின் பக்கத்தையும் பார்ப்போம். நம்மவரிலும் சந்தையில் கடை விரிப்பவர்கள், துணிமணி கொண்டு திரிபவர்கள் உண்டு. அட்டையை ஏற்கவேண்டும் என்ற கடமை 2014 ஜூன் 30 முதல் முப்பது யூரோவுக்கு மேற்பட்ட தொகைகளுக்கு இருந்தது. 2016 முதல் சிறு தொகைகளுக்கும் வந்தது. ஆனால் மீறினால் தண்டனை இல்லாதபடியால் பலர் பொருட்படுத்தவில்லை. 2022 ஜூன் 30 தொடக்கம் தண்டனையும் வந்தது: மறுத்த ஒவ்வொரு தடவைக்கும் 30 யூரோவும், மறுத்த தொகையில் நூற்றுக்கு 4 வீதமும். இரண்டு யூரோ தக்காளிக்கு அட்டையை மறுத்தவர் 30 யூரோ 8 சதம் கட்டவேண்டும். அவ்வாண்டின் இறுதியில் புதிய அரசாங்கம் அறுபது யூரோவுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்களிக்க முயன்று, ஐரோப்பிய ஆணையம் அதிருப்தி தெரிவிக்கவே கைவிட்டது. நடமாடும் வியாபாரிக்கும் இதே சட்டந்தான். மோட்டார் வண்டியின்றிப் பலூனும் ஐஸ்கிரீமும் சுட்ட செஸ்நட்டும் விற்பவர்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதுவதிலிருந்து பழைய விலக்கு ஒன்று உண்டு. அட்டை விடயத்தில் அது உதவாது. சந்தின் ஒடுக்கத்தில் கருவிக்குத் தொடர்பு கிடைக்காத உண்மையான தடங்கல் மட்டும் குற்றமாகாது.

“ஐந்து யூரோவுக்கு வாங்கினால்தான் அட்டை”, “அட்டை என்றால் இருபது சதம் கூட” என்று சொல்வது பலாரோவிலும் காப்போவிலும் கேட்பதுதான். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வியாபாரியின் மனக்குறையையும் புறந்தள்ள முடியாது. வங்கிகள் தமக்குள் எடுக்கும் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் 0.2, 0.3 வீதமாகக் கட்டுப்படுத்தியது உண்மை. கருவி கொடுக்கும் நிறுவனத்தின் கூலி வேறு. நூற்றுக்கு இரண்டு என்று மட்டும் எடுப்பவரிடம் இரண்டு யூரோ வியாபாரத்தில் நாலு சதம் போகும். ஒரு தடவைக்குப் பத்துச் சதம், மேலும் நூற்றுக்கு ஒன்று என்று ஒப்பந்தம் செய்தவருக்கோ பன்னிரண்டு சதம் போய்விடும். தக்காளியில் அவருக்குக் கிடைக்கும் இலாபத்தில் பெரும்பங்கு அது. சிறு தொகையே விற்பவர் நிலையான கூலி இல்லாத ஒப்பந்தத்தைத் தேடுவது புத்தி. இந்தியாவில் 2016-இல் தொடங்கிய யூபிஐ முறையில் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் இந்தக் கூலி அறவிடப்படுவதில்லை. மதுரையில் பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சதுர அச்சுத்தாள் இருக்கிறது. பணம் வந்ததும் ஒரு சிறு பெட்டி தொகையைத் தமிழில் உரக்கச் சொல்கிறது. இலங்கைக்கும் அது 2024 பெப்ரவரியில் வந்தது. இங்கே அப்படியொரு பெட்டி சிசிலியன் மொழியில் கூவினால் எத்தனை கிழவிகளுக்கு உபகாரம்!

ஏனெனில் கண் மங்கியவருக்கு நாணயமே இன்றும் சிநேகிதன். யூரோத் தாள்கள் பெறுமதிக்கேற்ப அளவில் வேறுபடுகின்றன. நாணயங்களின் விளிம்பும் வேறுவேறு. இருபது சத நாணயத்தின் ஓரத்தில் ஏழு குழிவுகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டே இனங்காணலாம். வழுவழுப்பான தொடுதிரைக் கருவியில் தடவ ஒன்றுமில்லை. நீரிழிவினால் பார்வை குறைந்த நம் பெரியவர்களை அட்டைக்கு மாறும்படி பிள்ளைகள் வற்புறுத்துவதற்கு முன் இதை யோசிக்கவேண்டும். நாணயம் கொடுத்து வாங்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. செல்லுபடியாகும் காசை மறுப்பதும் இந்நாட்டில் முப்பது யூரோ வரை அபராதத்துக்குரியது. ஒரே தடவையில் ஐம்பது நாணயத்துக்கு மேல் வாங்க எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது மட்டுமே வரம்பு. உண்டியல் எண்ணுபவர்களுக்கு இந்த விதி நன்றாகவே தெரிந்திருக்கும்.

நோட்டில் கிருமி என்ற பயம் 2020-இல் எங்கும் பரவியது. காசைத் தொட்டபின் கைகழுவினால் போதுமானது. காசு வாங்கிய அதே விரலால் பனெல்லேயை எடுத்துப் பாணுக்குள் வைப்பவரிடமே அந்தப் பயம் நியாயமானது. அவரிடம் அட்டை கொடுப்பது சுகத்துக்கு நல்லது.

சம்பளத்தைக் கையில் காசாகப் பெறுபவர்களுக்கு இன்னொன்று. 2018 ஜூலை முதல் ஏனைய தொழிலாளருக்குக் காசாகச் சம்பளம் கொடுப்பது தடை. வீட்டு வேலைக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் நம்மவர் கையில் இத்தனை நோட்டு. அவற்றில் ஒரு பகுதியையாவது கணக்கில் இட்டு, தனியார் வைத்தியருக்கும் பல் வைத்தியருக்கும் அட்டையால் கட்டுங்கள். 2020 முதல் இத்தகைய செலவுக்கு, அடையாளம் தெரியும் முறையில் கட்டியிருந்தால்தான் வரியில் 19 வீதக் கழிவு, அதுவும் ஆண்டில் 129 யூரோ 11 சதத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு. மருந்துக்கும் அரசாங்க வைத்தியசாலைக்கும் காசாகக் கொடுத்தாலும் கழிவு உண்டு. பல் கட்டுவதற்கு அறுநூறு யூரோவை நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு 730 படிவத்தோடு வந்து நிற்பவர்களுக்குக் காஃப் அலுவலகத்தில் எவரும் உதவ முடியாது.

அட்டை தொலைந்தால் அக்கணமே வங்கிக்கு அறிவிக்கவேண்டும். அறிவிப்பதற்கு முன் நடந்த களவில் உரியவர் தலையில் விழுவது அதிகபட்சம் 50 யூரோ. இரகசிய இலக்கத்தை அட்டையோடு எழுதி வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தொட்டுக் கட்டும் முறையில் ஐந்து தடவையோ 150 யூரோவோ கடந்ததும் கருவி இலக்கத்தைக் கேட்பது இதற்காகவே; கோளாறு என்று எண்ணிப் பதற்றமடைய வேண்டாம்.

மேற்சொன்ன வீட்டில் கொப்பி இப்போது இரண்டு பக்கமாக எழுதப்படுகிறது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மகளின் கையால் இத்தாலியன். கருவி கூடையில் ஏறி வந்தால், அம்மா முதலில் தொகையை உரக்க வாசித்து, கீழே நிற்பவர் “சி, சி” என்ற பிறகுதான் அட்டையை எடுக்கிறார்.