எட்டுக் கிண்ணத் தேநீர்

புள்ளிவிபரவியலைத் தொடங்கும் நாளிலேயே கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிடுவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. மாணவன் அதைப் பார்த்தெழுதுகிறான். எண்களைப் பிரதியிட்டு, நியம விலகலை இரண்டு தசமதானங்களுக்குக் கண்டுவிடுகிறான். "இவ்வெண் எதைச் சொல்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறான். கருத்து முந்தவேண்டும், கணக்குப் பிந்தவேண்டும் என்பது என் துணிபு.

நான் விரும்பும் தொடக்கம் ஒரு தேநீர்க் கதை. பரிசோதனைகளைத் திட்டமிடுவது பற்றி ரொனால்ட் பிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது. கிண்ணத்தில் முதலில் வார்த்தது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்கிறார் ஒரு சீமாட்டி. எட்டுக் கிண்ணங்கள் வைக்கப்படுகின்றன. நான்கில் பால் முந்தியது, நான்கில் பிந்தியது. பால் முந்திய நான்கையும் அவர் பொறுக்கவேண்டும். எட்டில் நான்கைத் தெரிய 70 வழிகள் உண்டு. முற்றும் சரியானது ஒன்றே.

இதை வகுப்பில் நடத்தக் கிண்ணமும் வேண்டாம், பாலும் வேண்டாம். (பால்மா விற்கும் விலையில் அதுவும் ஒரு நன்மையே.) எட்டுக் கடதாசித் துண்டுகளுள் நான்கில் புள்ளடியிட்டு, பையிலே குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுக்கச் செய்யுங்கள். நாற்பது மாணவர் பத்துப் பத்து முறை எடுத்தால் 400 முடிவுகள். நான்கு புள்ளடியும் சேர்ந்து வருவது ஐந்தாறு முறையளவிலேதான். மூன்றோ நான்கோ வருவது நூறு முறையளவில். மூன்றை மட்டும் சரியாகச் சொன்ன சீமாட்டியை நம்பலாமா? "குருட்டாம்போக்கில் எடுத்தாலே நாலுக்கு ஒருமுறை அவ்வளவு வருகிறதே!" என்று மாணவரே மறுப்பர். கருதுகோட் சோதனை என்னும் பெயரை அதன் பின்னர் சொன்னாற் போதும்.

உள்ளுணர்வு ஏமாற்றாதா என்று கேட்பார் உளர். ஏமாற்றும், ஆகவேதான் எண்ணிப் பார்க்கிறோம். ஆனால், சூத்திரமும் ஏமாற்றும். பிரான்சிஸ் அன்ஸ்கொம்ப் 1973 இல் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். இடைகளும் இணைபுக் குணகமும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தாலோ, ஒன்று நேர்கோட்டைச் சுற்றிச் சிதறியிருக்கிறது, மற்றொன்று வளைகோடு. எஞ்சிய இரண்டிலும் தனித்து விலகிய ஒரு புள்ளியே கணக்கைத் திரிக்கிறது. வரையாத மாணவன் நான்குக்கும் ஒரே விடையை எழுதி முழுப் புள்ளியும் பெறுவான்!

பரீட்சைக்கு இது உதவாது என்பதே ஆசிரியர் பலரின் தடை. அப்படியாயின் வினாத்தாள் மாறட்டும். கணித்து முடித்த அட்டவணையொன்றைக் கொடுத்து, இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்று ஒரு வினாவேனும் கேட்கட்டும். அதற்கு இருபது புள்ளிகள் வழங்கினாலும் தகும்.